குக்கர் வைத்ததும் படிப்பு: சின்னப் பிள்ளைகளுக்குப் படிக்கும் பழக்கம் வர

பிள்ளை பள்ளி விட்டு வந்து செருப்பைக்கூடக் கழற்றியிருக்காது, அதற்குள் “இன்னைக்கு என்ன வீட்டுப்பாடம்?” என்று கேட்கிறோமே, முதலில் அதை நிறுத்துங்கள். வயிற்றுக்கு ஏதாவது கொடுங்கள், ஒரு மணி நேரமாவது தெருவில் விளையாட விடுங்கள்.

2021இல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் நானும் தன்னார்வலராக இருந்து, தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மாலையில் சொல்லிக்கொடுத்தேன். அங்கே நன்றாகத் தேறி வந்த பிள்ளைகளில் பலர் வீட்டில் மேசை நாற்காலி கிடையாது. ஆனால் தினமும் யாராவது ஒருவர் கொஞ்ச நேரம் கூட உட்கார்ந்திருந்தார்கள். அதனால் வசதி இல்லையே என்று தள்ளிப்போடாதீர்கள்.

“ஆறு மணிக்குப் படிக்கணும்” என்று கடிகாரத்தைக் காட்டிச் சொன்னால், ஒரு நாள் பஸ் தாமதமானாலும் அது கெட்டுப்போகும். வீட்டில் எப்படியும் தினமும் நடக்கிற ஒரு காரியத்தோடு படிப்பை முடிச்சுப் போட்டுவிடுங்கள். விளக்கு வைத்ததும் என்று வைக்கலாம். அம்மா வேலை முடிந்து வரவே ஏழு மணி ஆகிறதா, சரி, அடுப்பில் குக்கர் வைத்ததும் பிள்ளை சமையலறை ஓரத்தில் பாயை விரித்து உட்காரட்டும். பென்சில், ரப்பர், துருவி, ஸ்கேல் எல்லாம் ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில் அங்கேயே இருக்கட்டும், ஏனென்றால் ரப்பர் தேட எழுந்துபோகிற பிள்ளை அவ்வளவு சீக்கிரம் திரும்பி வராது. அந்த நேரத்தில் டிவி ஓடக்கூடாது, பெரியவர்கள் கையில் செல்போனும் இருக்கக்கூடாது.

ஒன்று, இரண்டாம் வகுப்பு என்றால் கால் மணி நேரம் போதும். கதை படித்துக் காட்டுவதே அந்த வயதுக்குப் பெரிய படிப்பு. 2018இல் சென்னை உயர் நீதிமன்றமே இந்த இரண்டு வகுப்புகளுக்கும் வீட்டுப்பாடம் கூடாது என்று சொல்லியிருக்கிறது. நான்கு, ஐந்தாம் வகுப்புக்கு அரை மணி, அதிகம் போனால் முக்கால் மணி.

அந்த நேரத்தில் என்ன செய்வது என்பதில்தான் பலரும் தவறுகிறோம். பாடத்தைப் பத்து தடவை எழுதச் சொன்னால் கைதான் வலிக்கும். ஒரு தடவை வாசித்துவிட்டுப் புத்தகத்தை மூடி, “என்ன படிச்ச, எனக்குச் சொல்லு” என்று கேளுங்கள். திக்கித் திக்கிச் சொல்லட்டும், விட்டதை மட்டும் திறந்து பார்க்கட்டும். 1885இல் ஹெர்மன் எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மானியர் அர்த்தமில்லாத அசைகளை மனப்பாடம் செய்து தன்னைத் தானே சோதித்துப் பார்த்து எழுதினார்: படித்ததில் பெரும்பகுதி முதல் நாளிலேயே மறந்துபோகிறது, இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்பப் பார்த்தால் தங்குகிறது. அதனால் இன்றைய பாடத்தோடு நேற்றையதில் இரண்டு கேள்வி, போன வாரத்தில் ஒன்று. வாய்ப்பாட்டையும் ஓரேழு ஏழு என்று ராகமாகச் சொல்ல வைத்து விட்டுவிடாமல், சோறு போடும்போது திடீரென்று “ஏழெட்டு எவ்வளவு?” என்று கேட்டுப் பாருங்கள்.

அப்புறம், பள்ளியில் சொல்லித்தந்த வழியை வீட்டில் மாற்றாதீர்கள். மூன்றாம் வகுப்புப் பிள்ளை 52இல் 27 போக எவ்வளவு என்று போடுகிறது, பள்ளியில் ஒரு பத்துக் கட்டைப் பிரித்துப் பத்து ஒன்றுகளாக்கச் சொல்லியிருப்பார்கள், அப்பா வந்து “பக்கத்து வீட்டுல கடன் வாங்குடா” என்பார், பிள்ளை ரெண்டுங்கெட்டானாக நிற்கும். “டீச்சர் எப்படிப் போட்டாங்க, காட்டு” என்று கேளுங்கள். காட்டத் தெரியவில்லை என்றால் அடிக்க வேண்டாம், திட்டவும் வேண்டாம். டைரியில் ஒரு வரி எழுதி அனுப்பினால் ஆசிரியருக்கும் எங்கே இடிக்கிறது என்று தெரியும். பெற்றோர் கூட்டத்திலும் ரேங்க் எத்தனை என்று கேட்பதைவிட எதில் தடுமாறுகிறான் என்று கேட்டால் உருப்படியான பதில் வரும்.

ஆசிரியர்களுக்கு ஒன்று: வகுப்பின் முதல் ஐந்து நிமிடம் நேற்றைய பாடத்தைப் புத்தகம் திறக்காமல் பிள்ளைகளையே சொல்ல வையுங்கள், அதுவே வீட்டிலும் தொடரும்.

பையைக் காலையில் நீங்கள் அடுக்காதீர்கள். இரவு படுக்கும் முன் கால அட்டவணையைப் பார்த்துப் பிள்ளையே அடுக்கட்டும், ஒரு நாள் நோட்டை விட்டுவிட்டுப் போனாலும் போகட்டும். தூக்கத்தில் மட்டும் கை வைக்காதீர்கள். ஆறிலிருந்து பன்னிரண்டு வயதுக்கு 9 மணி நேரமாவது தூக்கம் வேண்டும், காலை ஆறரைக்கு எழ வேண்டும் என்றால் ஒன்பதரைக்குள் கண் மூடியிருக்க வேண்டும்.

காய்ச்சல், ஊர்த் திருவிழா என்று நாலு நாள் விட்டுப்போனால், விட்டதையெல்லாம் சேர்த்து ஒரே நாளில் படிக்க வைக்காதீர்கள், மறுநாள் வழக்கம்போல் அதே கால் மணி நேரம், அவ்வளவுதான். வீட்டில் எழுதப் படிக்கத் தெரியாத பாட்டி இருந்தால் இன்னும் நல்லது: பாட்டிக்குப் புரியும்படி பிள்ளை பாடத்தைச் சொல்லட்டும், பாட்டி “அது ஏன் அப்படி?” என்று கேட்பார், அதற்குப் பதில் தேடித்தான் பிள்ளை மறுபடி புத்தகத்தைத் திறக்கும்.