டர்பனுக்கு முதல் முறை வருகிறீர்களா? காரிலிருந்து இறங்குகிற அந்த ஐந்து நிமிடம்

ஊரிலிருந்து யார் கிளம்பினாலும் என்னிடம் முதலில் கேட்பது, "அங்கே வெளியே நடமாட முடியுமா?" என்பதுதான். தாராளமாக முடியும். ஆனால் நான் தென்னாப்பிரிக்காவின் இந்த டர்பனில் இருந்து பார்த்தவரை, வம்பு வருவது பெரும்பாலும் ஒன்றை விட்டு இன்னொன்றுக்கு மாறுகிற நேரத்தில்தான்: கார் நிறுத்தும்போது, ஏடிஎம் முன்னால், வீட்டு கேட் திறக்கக் காத்திருக்கும்போது. அந்த நிமிடங்களைப் பழகிக்கொண்டால் போதும்.

படி 1: காகிதங்கள்

இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு விசா வேண்டும். அது கைக்கு வரும் முன் பணம் திரும்பாத டிக்கெட் எடுக்காதீர்கள். பாஸ்போர்ட்டில் இரண்டு பக்கமாவது காலியாக இருக்கட்டும். திரும்பும் தேதிக்குப் பிறகு 30 நாளாவது அது செல்லுபடியாக வேண்டும். குழந்தைகளோடு வந்தால் பெற்றோர் இருவர் பெயரும் உள்ள பிறப்புச் சான்றிதழை எடுத்துக்கொள்ளுங்கள். அப்பா, அம்மாவில் ஒருவர் மட்டும் வந்தால் மற்றவரின் சம்மதக் கடிதமும் வேண்டும்.

பலர் தவறவிடுவது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியை. சென்னையிலிருந்து துபாய் வழியாக வந்தால் தேவையில்லை. அந்தக் காய்ச்சல் உள்ள நாடுகளில், அதாவது அடிஸ் அபாபா, நைரோபி போன்ற ஊரில், 12 மணி நேரத்துக்கு மேல் தங்க நேர்ந்தால் சான்றிதழ் கேட்பார்கள். பயணத்துக்கு 10 நாள் முன்பே ஊசி போட்டிருக்க வேண்டும்.

படி 2: பெட்டி

கருவேப்பிலை, விதை, செடி எதுவும் வேண்டாம், சுங்கத்தில் மாட்டும். எங்களுக்காகக் கொண்டுவரவும் வேண்டாம். டர்பனில் நம் ஆட்கள் அதிகம் வாழும் சாட்ஸ்வொர்த்தில் கருவேப்பிலை மரத்துக்குப் பஞ்சமே இல்லை. பிளக் இங்கே பெரிய மூன்று உருண்டை முள், நம் ஊரில் ஏசிக்கும் கீசருக்கும் போடுவது போல. போன் சார்ஜரின் சின்ன முள் நுழையாது, அடாப்டர் வாங்க வேண்டும்.

டர்பனில் மலேரியா பயமில்லை. க்ரூகர் காட்டுக்கும் போவதாக இருந்தால் கிளம்பும் முன்பே டாக்டரிடம் மாத்திரை கேளுங்கள்.

படி 3: விமான நிலையம்

கிங் ஷாகா விமான நிலையம் நகருக்கு வடக்கே சுமார் 35 கிலோமீட்டர். உறவுக்காரர் யாராவது அழைக்க வந்தால் நல்லது, இல்லையென்றால் ஊபர். சிம் கார்டு வாங்கப் பாஸ்போர்ட்டும் தங்கும் முகவரியும் கேட்பார்கள், எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

படி 4: கார்

இதை மட்டும் இரண்டு முறை படியுங்கள். கார் இங்கேயும் இடதுபக்கம்தான், அதனால் ஓட்டுவது எளிது. "ரோபோவில் திரும்பு" என்று யாராவது வழி சொன்னால் மிரளாதீர்கள், சிக்னல் விளக்குக்கு இங்கே அதுதான் பெயர். கரண்ட் போய் விளக்கு அணைந்திருந்தால் எல்லோரும் நின்று, முதலில் வந்தவர் முதலில் போக வேண்டும்.

சிக்னலில் நிற்கும்போது கண்ணாடி ஏற்றியிருக்கட்டும். கைப்பையையும் போனையும் மடியில் வைக்காமல் டிக்கியில் வையுங்கள், அதுவும் கிளம்பும் இடத்திலேயே. போய் இறங்கிய இடத்தில் டிக்கியைத் திறந்து வைத்தால் நான்கு பேர் பார்ப்பார்கள்.

ரிமோட்டை அழுத்திவிட்டு அப்படியே நடந்துவிடாதீர்கள். பூட்டும் சிக்னலைத் தடுக்கிற கருவியோடு ஆள் நின்றிருப்பான். எனக்கே நடந்தது: ஒரு கடை வளாகத்தில் பால் வாங்கித் திரும்புவதற்குள் லேப்டாப் பை போய்விட்டது, கண்ணாடியில் கீறல்கூட இல்லை. இப்போதெல்லாம் கைப்பிடியை இழுத்துப் பார்க்காமல் நகர்வதில்லை. பளிச்சென்ற மேல்சட்டை போட்ட காவலாள் வண்டியைப் பார்த்துக்கொண்டால் திரும்பும்போது 5 ராண்ட் (இந்த நாட்டுப் பணம்) கொடுங்கள்.

வீட்டு கேட்டை ஒட்டி நிறுத்திக் காத்திருக்க வேண்டாம். சாலையிலேயே நின்று, பின்னால் யாராவது தொடர்கிறார்களா என்று கண்ணாடியில் பார்த்துவிட்டு, கேட் முழுவதும் திறந்த பிறகு உள்ளே போங்கள்.

படி 5: பணம்

தெருவோர ஏடிஎம்மை விட்டுவிட்டு மாலுக்குள் இருப்பதற்குப் போங்கள். "கார்டு இப்படிப் போடணும்" என்று உதவிக்கு வருபவர் எவ்வளவு மரியாதையாகப் பேசினாலும் சரி, கேன்சல் அழுத்திவிட்டு நகருங்கள்.

படி 6: கோவிலும் கடற்கரையும்

கிளேர்வுட் முருகன் கோவிலுக்குக் காவடி பார்க்க வந்தால் தாலிக்கொடியைத் தவிர மற்ற நகை வீட்டிலேயே இருக்கட்டும். கடற்கரை நடைபாதையில் காலையில் நடப்பது சுகம், இருட்டிய பிறகு வேண்டாம். கொடி நட்ட இடங்களுக்கு நடுவில் மட்டும் குளியுங்கள், உயிர்காப்பாளர்களின் பார்வை அங்கேதான் இருக்கும்.

படி 7: ஏதாவது நடந்துவிட்டால்

பையைக் கேட்டால் கொடுத்துவிடுங்கள், வாக்குவாதம் வேண்டாம். போலீஸுக்கு 10111, ஆம்புலன்ஸுக்கு 10177, மொபைலில் எதற்கும் 112. புகார் கொடுத்ததும் வழக்கு எண் வாங்காமல் வராதீர்கள், இன்சூரன்ஸ்காரர் முதலில் அதைத்தான் கேட்பார். பாஸ்போர்ட் போய்விட்டால் டர்பனிலேயே இந்தியத் துணைத் தூதரகம் இருக்கிறது. போகும்போது அந்த வழக்கு எண்ணும் பாஸ்போர்ட் நகலும் கையில் இருக்கட்டும்.