திருகுச் சக்கில் ஆடிய முதிரைக் கட்டை

மாங்குளத்தில் எங்கள் பட்டறை லேத்தில் கிண்ணம் கடைய ஏற்றிய முதிரைக் கட்டை, திருகுச் சக்கை, அதாவது நடுவில் நீட்டும் திருகால் கட்டையைப் பிடிக்கும் லேத் பிடியை, எவ்வளவு இறுக்கியும் ஆடியது. கழற்றிப் பார்த்தால், துளை வாயைச் சுற்றி மர நார் மேலெழும்பி நிற்கிறது. கட்டை சக்கின் முகத்தில் படியவே இல்லை. அந்த முகம் அழுந்தி உட்கார்ந்தால்தான் திருகுக்குப் பலம். சரி என்று கட்டையைச் சீவி மட்டமாக்கி, துளை வாயைப் பெரிய டிரில் பிட்டால் கொஞ்சம் குழித்தேன். எழும்பும் நார் குழிக்குள் அடங்கிவிட்டது. துளை திருகின் நடுத்தண்டு அளவுக்குத்தான் இருக்க வேண்டும், புரி மட்டும் மரத்தைக் கடிக்கட்டும். முதிரை, பாலை போன்ற வன்மரம் என்றால் புரியில் மெழுகுதிரி தேய்த்துவிடுங்கள், இலகுவாக ஏறும். அப்புறம் ஆட்டமே இல்லை. குறுக்கே அறுத்த முனையில் மட்டும் திருகை நம்பமாட்டேன். புரி நாரை அறுத்துவிடும், கட்டை பறந்து முகத்தில் அடிக்கும். அதற்குக் கட்டையைச் சுற்றிக் கவ்விப் பிடிக்கும் நாலு தாடைச் சக்தான்.