திசைவேகக் கணக்குகளில் மதிப்பெண் கரையும் இடங்கள்

வேகம் ஸ்கேலர் (வெறும் எண்ணாகவே கூட்டிக் கழிக்கலாம்), திசைவேகம் வெக்டர் (திசையையும் சேர்த்தே கூட்டிக் கழிக்க வேண்டும்). பதினோராம் வகுப்பில் இதைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். சறுக்குவது கணக்கின் நடுவில், அதுவும் பெரும்பாலும் கழிக்கும்போது.

150 கிராம் பந்து ஒன்று சுவரில் நேராக 20 மீ/வி வேகத்தில் மோதி, வந்த வழியே 15 மீ/வி வேகத்தில் திரும்புகிறது. திசைவேக மாற்றம் என்ன? பலரும் சட்டென்று 5 என்று எழுதிவிடுவார்கள். எண்ணைத் தொடுவதற்கு முன் படம் வரைந்து, சுவரை நோக்கிய திசைக்கு நேர்க்குறி என்று அம்பு போட்டுக்கொள்ளுங்கள். தொடக்கத்தில் +20, முடிவில் −15. முடிவிலிருந்து தொடக்கத்தைக் கழித்தால் −15 − 20 = −35 மீ/வி. உந்தம் என்பது நிறை × திசைவேகம்; அதன் மாற்றத்தின் அளவு 0.15 × 35 = 5.25 கிகி மீ/வி. குறியை விட்டவருக்குக் கிடைப்பது 0.75, ஏழில் ஒரு பங்கு!

பாதை வளைந்தால் இதே பிழை வேறு வேடத்தில் வரும். கிழக்கே 20 மீ/வி வேகத்தில் போகும் கார், அதே வேகத்தில் வடக்கே திரும்புகிறது. வேகம் மாறாததால் முடுக்கம் இல்லை என்பது தவறு. திசை மாறியதால் திசைவேகம் மாறியிருக்கிறது. அந்த மாற்றத்தைக் காண: வடக்கே 20, கிழக்கைக் கழிப்பதால் மேற்கே 20. இரண்டின் தொகுபயன் 20√2, அதாவது ஏறத்தாழ 28.3 மீ/வி, வடமேற்கு நோக்கி. உங்கள் விடையில் வடகிழக்கு வந்திருந்தால், கழிப்பதற்குப் பதில் கூட்டியிருக்கிறீர்கள்.

ஒரு வெக்டரைக் கிடை, செங்குத்துக் கூறுகளாகப் பிரிக்கும்போது "கிடைத்தளத்துக்கு காஸ், செங்குத்துக்கு சைன்" என்று மனப்பாடம் செய்வது ஆபத்து. கோணம் செங்குத்திலிருந்து தரப்பட்டால் இரண்டும் இடம் மாறும். கோணத்தை ஒட்டிய பக்கத்துக்குத்தான் காஸ். கால்குலேட்டரை நம்புவதிலும் ஒரு பள்ளம் உண்டு: x கூறு −3, y கூறு 4 என்றால் நேர்மாறு டேன் −53.1° காட்டும். அந்த வெக்டர் இருப்பதோ இரண்டாம் கால்பகுதியில். 180° கூட்டி 126.9° என்று எழுத வேண்டும்.

சராசரிக்கு வருவோம். பாதித் தொலைவை மணிக்கு 60 கி.மீ., மீதியை 40 கி.மீ. வேகத்தில் கடந்தால் சராசரி வேகம் 50 அல்ல, 48. மொத்தத் தொலைவை மொத்த நேரத்தால் வகுங்கள். 50 வருவது, இரண்டு வேகங்களிலும் சம நேரம் ஓடினால் மட்டுமே. 400 மீட்டர் தடத்தை 80 நொடியில் ஒரு சுற்று ஓடி, புறப்பட்ட இடத்துக்கே வந்தவரின் சராசரி வேகம் 5 மீ/வி. இடப்பெயர்ச்சி சுழி என்பதால் சராசரித் திசைவேகமும் சுழி.

திசை இருப்பதெல்லாம் வெக்டர் என்றும் முடிவுகட்டிவிடாதீர்கள். மின்னோட்டத்துக்குத் திசை உண்டு, ஆனால் அது ஸ்கேலர். ஒரு சந்திக்கு 3 ஆம்பியரும் 4 ஆம்பியரும் வந்து சேர்ந்தால், கம்பிகளுக்கிடையே எந்தக் கோணம் இருந்தாலும் வெளியேறுவது 7 ஆம்பியர்தான். செங்கோணத்தில் சேர்கின்றன என்று 5 போடுவது, வெக்டர்களைக் கூட்டும் முக்கோண விதி பொருந்தாத இடத்தில் அதைத் திணிப்பது.