2004 என்.பி.ஏ. இறுதித் தொடரைப் பார்த்துப் பயில்வது எப்படி?

அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்துப் போட்டியான என்.பி.ஏ.யின் இறுதித் தொடரில், 2004 ஜூன் மாதத்தில் டெட்ராய்ட் பிஸ்டன்ஸ் அணி, ஷாகீல் ஓ'நீல், கோபி பிரையன்ட், கார்ல் மலோன், கேரி பேட்டன் ஆகிய நட்சத்திரங்கள் நால்வரும் ஒருங்கே ஆடிய லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸை 4-1 என்று வென்றது. தொகுப்புக் காட்சிகளைப் பார்த்தால் இந்த வெற்றி விளங்காது. அவற்றில் கூடையில் விழுந்த பந்துகள் மட்டுமே இருக்கும், விழவிடாமல் தடுத்த உழைப்பு இருக்காது. ஆகவே முழு ஆட்டங்களையே தேடிப் பாருங்கள்.

முதல் ஆட்டத்துக்கு ஒரு தாளை எடுத்து, ஓ'நீல், பிரையன்ட், மற்றவர்கள் என்று மூன்று பத்திகளில் லேக்கர்ஸின் புள்ளிகளைக் குறித்துக்கொண்டே வாருங்கள். முடிவில் அவை 34, 25, 16 என்று நிற்கும். பிஸ்டன்ஸ் 87-75 என்று வென்றிருக்கும். ஓ'நீல் எறிந்த 16-இல் 13 கூடையில் விழுந்தன. அத்தகைய ஆட்டக்காரரை இருவர் சூழ்ந்து மறிப்பதே வழக்கம். ஆனால் பிஸ்டன்ஸ் பயிற்சியாளர் லாரி பிரவுன் பெரும்பாலும் ஒருவரையே அவருக்கு எதிரே நிறுத்தி, எஞ்சிய நால்வரும் தத்தம் ஆளை விட்டு விலகாதபடி பார்த்துக்கொண்டார். மற்றவர்கள் பத்தியில் நின்ற 16 என்ற எண்ணுக்குக் காரணம் அதுவே.

அடுத்து, அதே ஆட்டத்தை மீண்டும் ஓடவிட்டு, பந்தை விட்டுவிட்டு, பிரையன்ட்டை மறித்த பிஸ்டன்ஸ் வீரர் டேஷான் பிரின்ஸை மட்டும் கவனியுங்கள். பிரையன்ட் வளையத்தை நோக்கிப் பாயும் வழியை அடைக்கச் சற்றுத் தள்ளி நிற்பதும், எறியும் கணத்தில் தம் நீண்ட கையை முகத்துக்கு நேரே உயர்த்துவதும் அவர் முறை. அன்று பிரையன்ட் எறிந்த 27-இல் 10 மட்டுமே விழுந்தன. எனக்கு இந்தத் தொடரிலேயே மிகவும் பிடித்த பகுதி இதுதான். நிறுத்தி நிறுத்திப் பாருங்கள்.

இரண்டாம் ஆட்டத்தின் கடைசி நிமிடத்தையும் மூன்றாம் ஆட்டத்தையும் ஒரே அமர்வில் பார்ப்பது நல்லது. கைக்கு எட்டிய வெற்றியைப் பிரையன்ட்டின் மூன்று புள்ளி எறிதல் பறித்துவிட, கூடுதல் நேரத்தில் 99-91 என்று தோற்ற பிஸ்டன்ஸ், சொந்த ஊருக்குத் திரும்பியதும் எதிரணியை 68 புள்ளிகளில் அடக்கியது.

நான்காம் ஆட்டத்தில் ஓ'நீல் 36 புள்ளிகளும் 20 ரீபவுண்டுகளும் (கூடையில் விழாமல் திரும்பும் பந்தைக் கைப்பற்றுவது ரீபவுண்டு) எடுத்தும் லேக்கர்ஸ் தோற்றது. அந்தப் பருவத்தின் நடுவே, பிப்ரவரியில்தான் பிஸ்டன்ஸில் சேர்ந்த ரஷீத் வாலஸ் 26 புள்ளிகள் எடுத்தார்.

ஐந்தாம் ஆட்டத்தில் முழங்கால் காயத்தால் மலோன் ஆடவில்லை என்பதை நேர்மையாகக் கணக்கில் கொள்ள வேண்டும். தொடரின் சிறந்த வீரர் விருது பிஸ்டன்ஸின் சான்சி பில்லப்ஸுக்குக் கிடைத்தது. ஆயினும் இந்த ஆட்டத்தில் உங்கள் கண் அதே அணியின் பென் வாலஸ் மீது இருக்கட்டும். அணிகள் புதிய வீரர்களை எடுத்துக்கொள்ளும் ஆண்டுத் தேர்வில் 1996-இல் எந்த அணியும் தேர்ந்தெடுக்காத அவர், அன்று 22 ரீபவுண்டுகள் எடுத்தார். எதிராளி பந்தை எறிவதற்கு முன்பே அவர் எங்கே நகர்ந்து நிற்கிறார் என்பதை ஒவ்வொரு முறையும் குறித்துக்கொள்ளுங்கள்.