லேபிளில் இல்லாத பெயர்கள்: சோல் இசைத்தட்டு சேகரிக்கத் தொடங்குபவர்களுக்கு

1960களில் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் பதிவான சோல் பாட்டு (கறுப்பின அமெரிக்கர்களின் இசை வகை) ஒன்றைப் போட்டுப் பாருங்கள். பாடகர் வாயைத் திறப்பதற்கு முன்பே பாஸ் கிட்டாரும் டம்போரினும் ஆளை இழுத்துவிடும். யார் வாசித்தது என்று லேபிளைப் பார்த்தால் பாடகர் பெயர் இருக்கும், பாட்டு எழுதியவர் பெயர் இருக்கும். வாசித்தவர் பெயர் மட்டும் இருக்காது. அந்த ஊரின் இசைத்தட்டு நிறுவனமான மோட்டவுனின் ஸ்டூடியோ வாத்தியக் குழுவான ஃபங்க் பிரதர்ஸுக்கே 1971இல் மார்வின் கேயின் 'வாட்ஸ் கோயிங் ஆன்' ஆல்பத்தில்தான் முறையாகப் பெயர் போட்டார்கள். அதற்குள் அவர்கள் பத்து வருட ஹிட்டுகளை வாசித்து முடித்திருந்தார்கள்.

சேகரிப்பு என்றதும் பலரும் விலைப்பட்டியலைத்தான் முதலில் தேடுகிறார்கள். வாசித்தவர்களின் பின்னாலேயே போவதுதான் என் வழி. அடுத்து எந்தத் தட்டை வாங்குவது என்பதை அவர்களே காட்டிவிடுவார்கள். காசும் மிச்சம்.

1. ஒரு ஊரைப் பிடியுங்கள்

சோல் இசை ஊருக்கு ஊர் வேறு. மெம்ஃபிஸின் ஸ்டாக்ஸ் ஸ்டூடியோ என்றால் புக்கர் டி அண்ட் த எம்.ஜி.ஸ் என்ற வாத்தியக் குழு. அலபாமாவின் மஸில் ஷோல்ஸில் ஃபேம் ஸ்டூடியோ. அங்கே வாசித்துக்கொண்டிருந்த நால்வர் 1969இல் பிரிந்துபோய், பக்கத்து ஊரான ஷெஃபீல்டில் சொந்த ஸ்டூடியோ தொடங்கினார்கள். ஃபிலடெல்ஃபியாவில் சிக்மா சவுண்ட் ஸ்டூடியோ. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் தொட்டால் எதுவும் மனதில் நிற்காது. ஓர் ஊரின் தட்டுகளையே சில மாதங்கள் கேட்டால், இந்த டிரம்ஸை முன்பே எங்கோ கேட்டிருக்கிறோமே என்று காது சொல்ல ஆரம்பிக்கும். இங்கே டெட்ராய்ட்டை எடுத்துக்கொள்வோம்.

2. ஹிட் பாட்டில் தொடங்குங்கள்

பெரிய ஹிட்டுகள் ஏராளமாக அச்சானவை. அதனால் இன்றைக்கும் மலிவு. த கேபிடல்ஸ் குழுவின் 'கூல் ஜெர்க்' (1966, கேரன் லேபிள்) நல்ல தொடக்கம். தட்டின் நடுவில் ஒட்டிய தாளை மட்டுமல்ல, தட்டை வெளியிட்ட நிறுவனப் பெயரையும் லேபிள் என்றே சொல்வார்கள். அமெரிக்க இசை இதழான பில்போர்டின் ஹிட் பட்டியலில் 7ஆம் இடம் வரை போன பாட்டு. அமெரிக்க 45 தட்டுகளுக்கு (நிமிடத்துக்கு 45 சுற்று ஓடும் சிறிய தட்டுகள்) நடுத்துளை பெரிது, அதற்கான அடாப்டரையும் சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள்.

3. லேபிளைப் படியுங்கள்

லேபிளில் ஐந்து விஷயங்களைப் பாருங்கள்: பாட்டு எழுதியவர், பதிப்புரிமை நிறுவனம், தயாரிப்பாளர், இசைக்கோர்ப்பாளர், விநியோகம் செய்தவர்.

'கூல் ஜெர்க்' தட்டைத் திருப்பினால் பின்பக்கம் 'ஹலோ ஸ்ட்ரேஞ்சர்'. அது பார்பரா லூயிஸ் எழுதி 1963இல் பாடிய பாட்டு. இவர்கள் ஏன் அதைப் பாட வேண்டும்? இருவருக்கும் தயாரிப்பாளர் ஒருவரே, ஆலி மெக்லாஃப்லின். கேரன், கார்லா, மொய்ரா என்று தன் மகள்களின் பெயரையே லேபிள்களுக்கு வைத்தவர். ஆக, கார்லா லேபிளில் டியான் ஜாக்சன் பாடிய தட்டும் உங்கள் பட்டியலுக்கு வந்துவிட்டது. ஒரே தட்டின் பின்பக்கம் இவ்வளவு தூரம் கொண்டுவந்துவிட்டது.

இசைக்கோர்ப்பாளர் பெயரைக் கண்டிப்பாகப் பாருங்கள், ஏனென்றால் வாத்தியக்காரர் சில நேரம் அங்கேதான் இருப்பார். மைக் டெர்ரி ஒரு நல்ல உதாரணம். சுப்ரீம்ஸின் 'வேர் டிட் அவர் லவ் கோ' பாட்டின் நடுவே வரும் பாரிடோன் சாக்ஸபோன் அவருடையது. அந்தத் தட்டில் அவர் பெயர் கிடையாது. பிறகு டம்போரின் வாசித்த ஜாக் ஆஷ்ஃபோர்டோடு சேர்ந்து பைட் பைப்பர் என்ற தயாரிப்புக் கூட்டணியில் இறங்கினார். அந்தக் காலத்துச் சின்ன டெட்ராய்ட் லேபிள்களில் இசைக்கோர்ப்பாளராக அவர் பெயர் அடிக்கடி கண்ணில் படும்.

4. விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள்

பாட்டு முடிந்து லேபிள் தொடங்கும் வரை உள்ள வெற்று வளையத்தில் சின்னச் சின்ன எழுத்துகள் பொறிக்கப்பட்டிருக்கும். தட்டின் ஜாதகம் அங்கேதான். மேஜை விளக்குக்குக் கீழே தட்டைச் சாய்த்து மெல்லச் சுற்றுங்கள். ஒரு பூதக்கண்ணாடி கையில் இருந்தால் வசதி.

சின்ன முக்கோணமும் பக்கத்தில் எண்ணும் இருந்தால் லாஸ் ஏஞ்சல்ஸின் மோனார்க் ஆலையில் அச்சானது. அந்த எண் வரிசையாக ஏறிக்கொண்டே போவதால், தட்டு ஏறக்குறைய எப்போது வந்தது என்றும் கணிக்கலாம். ஏ.ஆர்.பி. என்று இருந்தால் மிச்சிகன் மாநிலம் ஒவாசோவில் இருந்த அமெரிக்கன் ரெக்கார்ட் பிரஸ்ஸிங். இசட்.டி.எஸ்.சி. என்று எண் தொடங்கினால் கொலம்பியாவின் ஆலை, வெளியாருக்கு அச்சடித்துக் கொடுத்தது. 'பெல் சவுண்ட்' முத்திரை என்றால் மாஸ்டர் (அச்சுக்கான மூலத்தட்டு) வெட்டியது நியூயார்க்கில். டெட்ராய்ட் பாட்டில் நியூயார்க் முத்திரை இருந்தால் குழம்ப வேண்டாம். பதிவு ஓரிடம், மாஸ்டர் வெட்டுவது வேறிடம், அச்சு இன்னோரிடம் என்பது அன்றைக்குச் சர்வசாதாரணம்.

தட்டு எந்த பிளாஸ்டிக், வினைலா ஸ்டைரீனா என்பதையும் பாருங்கள். ஸ்டைரீன் விறைப்பாக இருக்கும், வளையாது, பெரும்பாலும் லேபிள் மேலே ஒட்டப்பட்டிருக்கும். தேய்ந்த ஊசியில் ஓட்டினால் சீக்கிரம் கெட்டுப்போகும். வெளியே பளபளவென்று இருக்கும் ஸ்டைரீன் தட்டு போட்டவுடன் கரகரக்கலாம். அதனால் பார்த்து மட்டும் தரம் சொல்லும் விற்பனையாளரிடம், போட்டுக் கேட்டீர்களா என்று கேட்டுவிடுங்கள். இன்னொன்று: தரக்குறியீட்டில் 'விஜி' என்பது 'வெரி குட்' என்பதன் சுருக்கம்தான், ஆனால் நடைமுறையில் கீறலும் இரைச்சலும் உள்ள தட்டு. 'விஜி பிளஸ்'ஸுக்குக் கீழே போகாதீர்கள்.

5. வாசித்தவர்களைத் தேடுங்கள்

'கூல் ஜெர்க்'கில் வாசித்தது ஃபங்க் பிரதர்ஸ். மோட்டவுனில் சம்பளம் வாங்கிக்கொண்டே, முதலாளிக்குத் தெரியாமல் எட் விங்கேட்டின் கோல்டன் வேர்ல்டு ஸ்டூடியோவுக்குப் போய் வாசித்துவிட்டு வருவார்கள். எட்வின் ஸ்டாரின் 'ஏஜென்ட் டபுள் ஓ சோல்' (1965, ரிக்-டிக் லேபிள்) அப்படி வந்ததுதான். 1967இல் ஜாக்கி வில்சனின் 'ஹையர் அண்ட் ஹையர்' பதிவுக்குச் சிகாகோ வரைக்கும் போயிருக்கிறார்கள். விங்கேட்டின் நிறுவனத்தை மோட்டவுன் பின்னால் விலைக்கே வாங்கிவிட்டது.

இதெல்லாம் எப்படித் தெரியவந்தது? சிலது பேட்டிகளில். உறுதியான சான்று என்றால் இசைக்கலைஞர் சங்கத்தின் ஒப்பந்தத் தாள்கள்: தேதி, ஸ்டூடியோ, பாட்டு, குழுத் தலைவர், வாசித்தவர்கள், கூலி எல்லாம் அதில் இருக்கும். டெட்ராய்ட் சங்கக் கிளையின் எண் 5, மெம்ஃபிஸ் 71, சிகாகோவில் கறுப்பினக் கலைஞர்களுக்கு 1966 வரை 208 என்று தனிக் கிளை. தாள்கள் எளிதில் கைக்குக் கிடைக்காது. ஆனால் அவற்றைப் பார்த்து எழுதிய குறிப்புகள் லண்டனின் ஏஸ், கென்ட் போன்ற மறுவெளியீட்டு லேபிள்களின் சிடி கையேடுகளில் கிடைக்கும். என்னைக் கேட்டால் இந்தக் கையேடுகளுக்காகவே அந்தச் சிடிகளை வாங்கலாம். அப்புறம், பில்போர்டு பழைய இதழ்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. லேபிள் முகவரி, விநியோக ஒப்பந்தச் செய்தி எல்லாம் அதில் வரும்.

ஒப்பந்தத் தாளும் வேதவாக்கு இல்லை. சங்கத்துக்குச் சொல்லாமல் ரொக்கம் கொடுத்து முடித்த பதிவுகள் நிறைய. இதைத் தவிர, இசைத்தட்டுகளைப் பட்டியலிடும் டிஸ்காக்ஸ் தளத்தில் வாசகர்கள் சேர்க்கும் வாத்தியக்காரர் பெயர்களுக்குப் பல நேரம் ஆதாரமே இருக்காது.

சரி, காதை நம்பலாமா? ஓரளவு. பின்பக்கத்தில் அதே பாட்டின் குரலில்லாத வடிவம் இருந்தால் அதைத் திரும்பத் திரும்பக் கேளுங்கள். வாத்தியங்கள் தனித்தனியாகப் பிரிந்து கேட்கும். ஆனால் ஃபங்க் பிரதர்ஸின் பாஸ் கிட்டார் கலைஞர் ஜேம்ஸ் ஜேமர்சனின் பாஸ் என்று உலகமே நினைக்கும் சில பாட்டுகளுக்கு வேறு ஆட்கள் உரிமை கோரி, அந்தத் தகராறு இன்னும் ஓயவில்லை. உங்கள் குறிப்பேட்டில் 'தாளில் உள்ளது', 'பேட்டியில் சொன்னது', 'என் காதுக்குப் பட்டது' என்று மூன்றையும் தனித்தனியாக எழுதுங்கள்.

6. அரிய தட்டுக்குப் போகும்போது

கேட்கும் விலையை விடுங்கள், விற்ற விலையைப் பாருங்கள். பாப்சைக் தளத்தில் பழைய ஏல விலைகள் இருக்கின்றன.

போலிகள் ஏராளம். ஃபிராங்க் வில்சனின் 'டூ ஐ லவ் யூ' 1965இல் மோட்டவுனின் 'சோல்' என்ற பெயருள்ள லேபிளுக்காக அச்சாகி, வெளியாகாமல் நின்றுபோனது. இரண்டே பிரதிகள்தான் மிஞ்சின என்று நெடுநாள் பேச்சு. 2009இல் ஒன்று 25,000 பவுண்டுக்கு மேல் விலைபோனது. இதே பாட்டு 1970களில் எடி ஃபாஸ்டர் என்ற பெயரில் கள்ளத்தட்டாக இங்கிலாந்தில் சுற்றியது. அசலில் முத்திரையாக இருக்கும் எண் போலியில் கையால் கீறியதாக இருக்கலாம். லேபிளின் எழுத்து லேசாக மங்கியிருக்கலாம். வாங்குவதற்கு முன் வெற்று வளையத்தின் படத்தை அனுப்பச் சொல்லுங்கள். அனுப்பத் தயங்கினால் விட்டுவிடுங்கள். பாட்டு மட்டும் போதும் என்றால், 1979இல் டாம்லா மோட்டவுன் இங்கிலாந்தில் முறையாகவே வெளியிட்ட 45 இருக்கிறது.