டிஸ்க் விலகல்: அவசரத்திலும் தாமதத்திலும் நடக்கும் தவறுகள்

முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல இருக்கும் தட்டுதான் டிஸ்க். இடுப்பில் நான்காம், ஐந்தாம் எலும்புகளுக்கு நடுவே உள்ளது எல்4-எல்5. எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டில் "எல்4-எல்5 டிஸ்க், நரம்பை அழுத்துகிறது" என்ற வரியைப் படித்ததுமே பலருக்கு ஆபரேஷன் பயம் பிடித்துக்கொள்கிறது. முதல் தவறு அங்கேயே தொடங்குகிறது. முதுகுவலியே இல்லாத மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் ஸ்கேன்களைத் தொகுத்து 2015ல் ஓர் ஆய்வு வந்தது. 20 வயதுக்காரர்களில் 30 சதவீதம் பேருக்கும், 80 வயதுக்காரர்களில் 84 சதவீதம் பேருக்கும் டிஸ்க் புடைத்திருந்தது. ஆகவே படத்தில் தெரிவதும் உடம்பு சொல்வதும் பொருந்த வேண்டும். இடது பக்கம் டிஸ்க் அழுத்துவதாக ரிப்போர்ட் இருந்து, வலி வலது காலில் இறங்கினால், அந்த ரிப்போர்ட்டை வைத்துச் சிகிச்சையை முடிவு செய்ய முடியாது. காலைத் தூக்கிப் பார்த்து, விரல்களின் பலத்தையும் மரத்துப்போன இடத்தையும் சோதிக்காமல் ஸ்கேனை மட்டும் பார்த்துப் பேசும் ஆலோசனையை நான் நம்பமாட்டேன்.

அடுத்தது, வாரக்கணக்கில் படுத்தே கிடப்பது. வலி உச்சத்தில் இருக்கும்போது ஓரிரு நாள் ஓய்வு சரி. அதற்கு மேல் போனால் தசைகள் தளர்ந்து, எழுந்து நடப்பதே பெரும்பாடாகிவிடும். தாங்கக்கூடிய அளவு நடப்பதுதான் நல்லது. இடுப்பு பெல்ட்டை மாதக்கணக்கில் கழற்றாமல் இருப்பதும் இதே வகைதான்.

டிஸ்க்கைத் தட்டி, அமுக்கி, "உள்ளே தள்ளிவிடுகிறேன்" என்பவர்களிடம் போகாதீர்கள். டிஸ்க்கின் வெளிவளையம் கிழிந்து உள்ளிருக்கும் கூழ் வெளியே வந்திருக்கிறது. வெளியிலிருந்து அழுத்தி அதைத் திருப்பி அனுப்ப முடியாது. கழுத்தை வெடுக்கென்று திருப்புவது இன்னும் ஆபத்து. வேடிக்கை என்னவென்றால், யாரும் தள்ளாமலே உடம்பு அதைச் சரிசெய்யப் பார்க்கிறது. வெளியே வந்த துண்டை நோய் எதிர்ப்பு அணுக்கள் மெல்ல மெல்லக் கரைக்கின்றன. பெரிதாகப் பிதுங்கியவையே பெரும்பாலும் நன்றாகச் சுருங்குகின்றன. பெரும்பாலோருக்கு 6 முதல் 12 வாரங்களில் கால்வலி கணிசமாகக் குறைவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அதுவரை மாத்திரைகளைக் கண்டபடி விழுங்கக் கூடாது. வலிமாத்திரைகளை நீண்ட நாள் சாப்பிட்டால் வயிறும் சிறுநீரகமும் அடிவாங்கும். நரம்புவலிக்கென்று பலர் கேட்டு வாங்கும் பிரகாபலின், சயாட்டிகாவில் (நரம்பு அழுத்தப்பட்டு இடுப்பிலிருந்து காலில் இறங்கும் வலி) மருந்தில்லாத வெற்று மாத்திரையைவிட மேலாக உதவவில்லை என்று 2017ல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு காட்டியது, தலைசுற்றல்தான் கூடியது. முதுகில் போடும் ஸ்டீராய்டு ஊசி சிலருக்குச் சில வாரங்கள் வலியைக் குறைக்கும். அந்த இடைவெளியில் பிசியோதெரபியைத் தொடங்காவிட்டால் ஊசியால் பெரிய லாபமில்லை.

ஆபரேஷனைப் பற்றி இரு தரப்பிலும் மிகை உண்டு. "செய்தால் முடமாகிவிடுவோம்" என்பதும் தவறு, "செய்தால்தான் குணம்" என்பதும் தவறு. நெதர்லாந்தில் கடுமையான சயாட்டிகாவுடன் இருந்த 283 பேரை வைத்து 2007ல் வெளிவந்த ஆய்வில், சீக்கிரம் ஆபரேஷன் செய்தவர்களுக்கு வலி விரைவாகக் குறைந்தது. ஓராண்டு முடிவில் அவர்களும், உடனே ஆபரேஷனுக்குப் போகாமல் காத்திருந்தவர்களும் ஏறக்குறைய ஒரே நிலைக்கு வந்தார்கள். காத்திருந்தவர்களில் சுமார் 40 சதவீதம் பேர் இடையில் ஆபரேஷன் செய்துகொண்டதையும் சேர்த்தே இதைப் படிக்க வேண்டும். நரம்பை அழுத்தும் டிஸ்க் துண்டைச் சிறு கீறல் வழியாக எடுக்கும் மைக்ரோடிஸ்கெக்டமி ஆபரேஷன் கால்வலிக்கு நன்றாக வேலை செய்யும். வெறும் இடுப்புவலிக்கு அந்த அளவுக்கு அல்ல. முதல்முறை வந்த சாதாரண டிஸ்க் விலகலுக்கு ஸ்க்ரூ வைத்து எலும்பை இணைப்பது பொதுவாகத் தேவைப்படாது. யாராவது அப்படிச் சொன்னால், இன்னொரு மருத்துவரிடமும் கேளுங்கள்.

ஆனால் இந்தப் பொறுமையெல்லாம் செல்லாத நிலை ஒன்று உண்டு. சிறுநீர் வராமல் அடைத்துக்கொள்வது அல்லது தெரியாமல் கசிவது, மலம் கட்டுப்படாமல் போவது, பிறப்புறுப்பைச் சுற்றி மரத்துப்போவது, இரண்டு கால்களும் பலமிழப்பது: இவற்றில் ஒன்று வந்தாலும் அன்றே, நள்ளிரவானாலும், அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். முதுகுத்தண்டின் அடியிலுள்ள நரம்புக்கொத்து நசுங்குவதன் அறிகுறிகள் இவை. தாமதித்தால் சிறுநீர்க் கட்டுப்பாடு நிரந்தரமாகப் போய்விடலாம். நடக்கையில் பாதம் தூக்க வராமல் தரையில் இழுபட்டாலும், வலி குறைந்திருக்கிறதே என்று நிம்மதி அடையாமல் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.