எஸ்டேட் தொடுத்த காப்பீட்டு வழக்கு தள்ளுபடியானால்: அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றத்தில் செய்ய வேண்டியவை

அமெரிக்காவில் இறந்தவரின் சொத்து, கடன், வரவேண்டிய பணம் எல்லாம் சேர்ந்த தொகுப்பை எஸ்டேட் என்பார்கள். அதன் சார்பில் காப்பீட்டு நிறுவனத்தின் மீது தொடுத்த வழக்கு தள்ளுபடியானதும், துக்கத்தில் இருக்கும் குடும்பம் எல்லாம் முடிந்தது என்று மனம் தளர்ந்துவிடுகிறது. ஆனால் பல தள்ளுபடி உத்தரவுகள், நிறுவனம் பணம் தர வேண்டுமா என்ற கேள்வியைத் தொடுவதே இல்லை.

முதலில் உத்தரவின் கடைசிப் பத்தியைப் படியுங்கள். மனுவைத் திருத்தித் தாக்கல் செய்ய அனுமதி இருந்தால், அதில் குறித்துள்ள கெடுவுக்குள் திருத்த வேண்டும். உத்தரவு எதுவும் சொல்லாமல் விட்டிருந்தால், கூட்டாட்சி உரிமையியல் நடைமுறையின் 41(பி) விதிப்படி, அதிகார வரம்பின்மை போன்ற சில காரணங்கள் நீங்கலாக, அது வழக்கின் தகுதி மீதான, அதாவது கோரிக்கையையே விசாரித்துச் சொன்னது போன்ற, முடிவாகவே கொள்ளப்படும். அதே நீதிமன்றத்தில் மீண்டும் வழக்குத் தொடுக்க இயலாது.

அடுத்து, வழக்குத் தொடுத்தவர் யார் என்று பாருங்கள். பெரும்பாலான தவறுகள் இங்கேதான் நேர்கின்றன. மனுவின் முகப்பில் வாதியாக "இன்னாரின் எஸ்டேட்" என்று மட்டும் எழுதியிருப்பார்கள். பல மாநிலங்களில் எஸ்டேட் தன் பெயரில் வழக்காட முடியாது. "இறந்த இன்னாரின் எஸ்டேட்டுக்கு நிறைவேற்றுநர் என்ற தகுதியில் இன்னார்" என்று இருக்க வேண்டும் (நிறைவேற்றுநர் என்பவர் உயிலின்படி எஸ்டேட்டை நிர்வகிப்பவர்), அதற்கு உயில் நீதிமன்றம் வழங்கிய நியமன ஆணையும் வேண்டும். உரிமையுள்ளவர் வழக்கில் இல்லை என்பது மட்டுமே குறையாக இருந்தால், அவரைச் சேர்க்க நியாயமான அவகாசம் தராமல் வழக்கைத் தள்ளக் கூடாது என்கிறது விதி 17(ஏ)(3). அவகாசம் தரப்படவில்லையென்றால் அதையே முதல் வாதமாக வையுங்கள்.

அந்தப் பணம் எஸ்டேட்டுக்கு உரியதுதானா என்பது இதைவிடக் கடினமான கேள்வி. பாலிசியில் பயனாளியின் பெயர் இருந்தால், பொதுவாகப் பணம் எஸ்டேட்டுக்குள் வராமல் நேரே அவரிடமே போய்விடும். வேலை வழங்குபவர் மூலம் எடுத்த குழுக் காப்பீட்டுக்குப் பெரும்பாலும், பணியாளர் ஓய்வூதிய, நலத் திட்டங்களுக்கான 1974ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டமான எரிசா பொருந்தும். மாநிலச் சட்டத்தின் கீழான கோரிக்கைகள் அதனால் அடிபட்டுப் போகலாம். 2009இல் கென்னடி எஸ்டேட் வழக்கில், இறந்தவரின் முன்னாள் மனைவி மணமுறிவின்போது அந்தப் பணத்தின் மீதான உரிமையை விட்டுக்கொடுத்திருந்தும், படிவத்தில் அவர் பெயரே நீடித்ததால், எரிசாவுக்கு உட்பட்ட சேமிப்புத் திட்டப் பணத்தை அவருக்குக் கொடுத்தது சரியே என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உங்கள் வழக்கு இதுபோன்றதாக இருந்தால், மேல்முறையீட்டுக்குச் செலவழிக்கும் முன் இருமுறை யோசியுங்கள்.

நாட்கணக்கில் தவறவே கூடாது. தீர்ப்பு பதிவேட்டில் ஏறிய நாளிலிருந்து 28 நாட்களுக்குள் விதி 59(இ)யின் கீழ் தீர்ப்பைத் திருத்தக் கோரலாம். அந்தக் கெடுவை நீதிபதியாலும் நீட்டிக்க முடியாது. மேல்முறையீட்டு அறிவிப்புக்கு 30 நாட்கள். தீர்ப்பைத் திருத்தக் கோரும் இந்த மனுவை உரிய காலத்தில் போட்டிருந்தால், அந்த மனுவின் மீது உத்தரவு வந்த பிறகே இந்த 30 நாட்கள் ஓடத் தொடங்கும்.

நிறைவேற்றுநர் வழக்கறிஞராக இல்லாமல், எஸ்டேட்டில் மற்ற வாரிசுகளோ கடன்காரர்களோ இருந்தால், அவர் தாமே வாதாடுவதைக் கூட்டாட்சி நீதிமன்றங்கள் பொதுவாக ஏற்பதில்லை. ஆகவே உத்தரவு, பாலிசி, பயனாளிப் படிவம், நியமன ஆணை ஆகிய நான்கையும் எடுத்துக்கொண்டு முதல் வாரத்திலேயே வழக்கறிஞரைப் பாருங்கள்.